பழைய ஜீப்பின் கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகளைக் கவனித்திருப்பீர்கள். இறக்கத்தில் ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையால் கியர் லீவரையும் அழுத்திப் பிடித்திருப்பார். கையை எடுத்தால் இரண்டாம் கியர் தானாக விட்டு நியூட்ரலுக்கு வந்துவிடும். சிலர் லீவரை டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியும் ஓட்டுகிறார்கள். மலை இறக்கத்தில் கியர் விட்டால் எஞ்சின் பிடிமானம் அந்த நொடியே போகும், பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். அந்த நிலையில் வண்டியைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.

நான் இங்கே சொல்வது மூன்று முன் கியர் உள்ள டி-90 பாக்ஸும் அதன் பின்னால் டேனா 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டி) பொருத்திய பழைய ஜீப்புக்கு. நான்கு கியர், ஐந்து கியர் பாக்ஸுக்கும் சிந்திக்கும் முறை இதுவே. ஆனால் அளவுகளும் கழற்றும் வரிசையும் மாறும், அதற்கு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் கைத்திறமையில் இல்லை. எதை முதலில் செய்வது, எதை அளந்த பிறகு கோர்ப்பது என்பதில்தான். அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. கழற்றும் முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

முதலில் கிளட்ச். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்து, ஐந்தாறு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு நேரம் கழித்தும் கரகரவென்று உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். மிதியின் ஆட்டத்தையும் கிளட்ச் இணைப்புகளையும் சரிசெய்யுங்கள். கியர் பாக்ஸைப் பிரித்தால் இந்தக் கோளாறு தீராது.

இன்னொன்று, இந்தப் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு, கிடையாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டும்தான் உண்டு. வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் உரசத்தான் செய்யும், அது தேய்மானம் இல்லை.

அப்புறம் சத்தம். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்ச் மிதியை விட்டதும் உருளுகிற சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து சுற்றைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங்கோ, கிளஸ்டர் கியரின் (பாக்ஸின் அடியில் பல கியர்கள் ஒரே துண்டாகச் சேர்ந்த பாகம்) ஊசி ரோலர்களோ போயிருக்கும். மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் (கிளட்ச்சை அழுத்தி விடுவிப்பது) அல்லது பைலட் புஷ் (இன்புட் ஷாஃப்ட்டின் முன் முனையைத் தாங்குவது). ஒன்றாம், இரண்டாம் கியரில் அலறி டாப்பில், அதாவது மூன்றாம் கியரில், அடங்கினால் சந்தேகம் கிளஸ்டர் மேல்தான். டாப் கியரில் இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். கிளஸ்டர் சுற்றும், ஆனால் பாரம் ஏறாது. சத்தம் அடங்குவது அதனால்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டேனா 18 கேஸில் சாதாரண இரண்டு சக்கர ஓட்டத்திலும் சக்தி நேராகப் பின்னால் போவதில்லை. மெயின் ஷாஃப்ட் முனையிலுள்ள கியரிலிருந்து இடைக் கியருக்கும், அங்கிருந்து அவுட்புட் ஷாஃப்ட்டுக்கும் போகிறது. ஆகவே நல்ல வண்டியிலும் ஒரு மெல்லிய ஊளை எப்போதும் இருக்கும். எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி வரும் ஊளையைக் கேட்டுவிட்டு, கியர் பாக்ஸுக்குப் புதுக் கியர் செட் வாங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் அப்படியே இருந்தது, பணம் மட்டும் போனது.

இரண்டாம் கியர் விடுவதற்குக் காரணம் எப்போதும் கியர் பல் இல்லை. பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடும் கூடு) போல்ட் தளர்ந்திருக்கலாம், லீவர் மூடியில் ஷிஃப்ட் கம்பியை இடத்தில் நிறுத்தும் குண்டை அழுத்துகிற பாப்பெட் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், கிளஸ்டர் முன்னும் பின்னும் நகரலாம். முதல் இரண்டையும் பாக்ஸை இறக்காமலே பார்த்துவிடலாம். பாருங்கள்.

2. ஆயிலை வடித்து அதைப் படியுங்கள்

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். ஆறிய ஆயிலில் துகள்கள் அடியில் தங்கிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வடித்த ஆயிலை வெள்ளை பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்வண்ணத் தூள் மினுமினுத்தால் அது சிங்க்ரோ ரிங்கிலிருந்தோ பித்தளை வாஷரிலிருந்தோ வந்தது. காந்தத்தை உள்ளே ஓட்டுங்கள். மாவு போல் சாம்பல் பசை ஒட்டினால் வயதுக்குரிய தேய்மானம். சில்லு சில்லாக, விரலில் குத்தும் துண்டு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவ மழையும் நமக்கு உண்டு. காட்டாறு தாண்டுகிற தோட்ட வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். தண்ணீர் புகுந்த பாக்ஸில் பேரிங்குகள் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே துருப் புள்ளி விழுந்திருக்கும், எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும்.

கியர் பாக்ஸையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் தனித்தனியாக வடித்து, தனித்தனி டப்பில் வையுங்கள். கலந்துவிட்டால் துகள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பழைய ஆயிலை ஓடையிலோ குளத்தங்கரையிலோ ஊற்றாதீர்கள். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

3. முன்கூட்டியே கையில் வேண்டியவை

சாதாரண ஸ்பானர், சாக்கெட் செட்டோடு இவையும் வேண்டும்: சர்க்லிப் பிளையர், இரண்டு கால் புல்லர், பித்தளைத் தடி, மரச்சுத்தி, ஃபீலர் கேஜ், வெர்னியர், ஒரு காந்தம், நல்ல ஜாக்கி இரண்டு, ஸ்டாண்ட் நான்கு, சக்கரத்துக்கு அணை கொடுக்க மரக்கட்டை, கட்டுக்கம்பி ஒரு மீட்டர். கழுவ டீசலும் மண்ணெண்ணெயும். துடைக்க நூல் உதிராத துணி. வெளிப்புறம் துடைக்க மட்டும் பனியன் வேஸ்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன் நூல் உள்ளே போனால் ஆயில் துளையை அடைத்துவிடும்.

அப்புறம் ஒரு நோட்டும் போனில் கேமராவும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம்.

போலி ஷாஃப்ட் என்று ஒன்று வேண்டும். கிளஸ்டர் கியரின் உள்ளே இருக்கும் ஊசி ரோலர்கள் கொட்டாமல் தாங்குவதற்கான உருளைக் கம்பி அது. விட்டம் அசல் ஷாஃப்ட்டைவிட நாலைந்து தவ் குறைவு (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீளம் கிளஸ்டரும் அதன் வாஷர்களும் சேர்ந்த அளவு. கேஸின் உள்பக்க அகலத்தைத் தாண்டக் கூடாது. மூடியைத் திறந்து அளவெடுத்ததும் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்ளுங்கள். சின்ன வேலைதான். இது இல்லாமல் கிளஸ்டரைக் கழற்றத் தொடங்காதீர்கள்.

பால்வெட்டு நிற்கிற, ரப்பர் இலை உதிரும் மாதங்களில் வேலையை வைத்துக்கொண்டால் நல்லது. வண்டிக்கும் ஓய்வு, காற்றிலும் ஈரம் குறைவு. மழைக்காலத்தில் டீசலில் கழுவி வைத்த பேரிங் மறுநாள் காலையில் துருவோடு நிற்கும்.

4. வண்டியை நிறுத்துவது

இந்தப் பகுதி சின்னது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் முனையில் இருக்கிறது. பின்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய நிமிடமே ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தியதும் பயன் தராது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோம் என்று நம்பி ஒருவர் அடியில் படுக்க, வண்டி மெல்ல நகர்ந்ததை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஒரு தென்னை மட்டை தடுத்ததால் ஆள் பிழைத்தார்.

ஆகவே சமதரை, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, அதன் பிறகுதான் ஸ்டாண்ட். நம் செம்மண் தரை ஈரத்தில் இளகும், ஸ்டாண்ட் ஒரு பக்கமாகப் புதையும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் ஒன்றரை அங்குலப் பலகை போடுங்கள். ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

5. இறக்குவது

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். தரையிலுள்ள மூடித் தகட்டை எடுத்துவிட்டு, கியர் லீவரையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லீவர்களையும் கழற்றுங்கள். திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்து விடுங்கள். மேலிருந்து விழும் ஒரு நட்டை உள்ளேயிருந்து எடுக்க அரைநாள் போகும்.

முன், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளின் இணைப்பில் பெயிண்டாலோ பஞ்ச்சாலோ குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். குறி இல்லாமல் திருப்பிப் போட்டால் வேகத்தில் அதிர்வு வரும், நீங்கள் கியர் பாக்ஸைச் சந்தேகிப்பீர்கள். கிராஸின் பேரிங் கப்புகள் விழாமல் டேப் சுற்றுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், கிளட்ச் இணைப்பு எல்லாம் அடுத்து.

இப்போது எஞ்சினைத் தாங்க வேண்டும். ஆயில் பேனுக்கு அடியில் அகலமான மரப்பலகை வைத்து ஜாக்கியால் மெல்லத் தாங்குங்கள். பலகை இல்லாமல் தூக்கினால் பேன் உள்ளே அமுங்கும். இன்னொரு ஜாக்கியை கியர் பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே, எடை சமப்படும் இடத்தில் வையுங்கள். பிறகுதான் குறுக்குச் சட்டத்தைக் கழற்றலாம்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி, பாக்ஸை நேராகப் பின்னால் இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டிலிருந்து முழுதாக வெளியே வரும்வரை பாக்ஸ் தொங்கக் கூடாது. தொங்கினால் அந்த எடை முழுவதும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் விழுந்து தகடு வளையும். அப்புறம் எல்லாம் புதிதாகப் போட்டும் கிளட்ச் விடாது, கியர் உரசும். "பாக்ஸ் வேலை பார்த்த பிறகுதான் கெட்டுப்போச்சு" என்று வருகிற வண்டிகளில் இந்த வளைந்த பிளேட்டைத்தான் முதலில் பார்க்கிறேன்.

6. ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மெயின் ஷாஃப்ட்டின் வால் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நீண்டிருக்கிறது. அதன் முனையில் ஒரு கியர், நட், பின். கேஸின் பின்பக்கத்துச் சிறிய மூடித் தகட்டைக் கழற்றினால் அது தெரியும். பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, கியரைப் புல்லரால் வெளியே எடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு கேஸுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிறவர்கள் உண்டு. பொருந்து முகம் பிளந்துபோகும், எந்தக் கேஸ்கட் போட்டாலும் ஆயில் கசியும்.

கியர் வந்ததும் கேஸை இழுக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். அப்படியே இழுத்தால் மெயின் ஷாஃப்ட்டும் பேரிங்கோடு சேர்ந்து பின்னால் வரும், சிங்க்ரோவின் கீகளும் ஸ்பிரிங்குகளும் கேஸின் அடியில் கொட்டும். தடுக்க ஒரு எளிய வழி உண்டு. மேல் மூடியைக் கழற்றி, இரண்டாம் கியருக்கு நேர் பின்னால் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கட்டுக்கம்பியை வளையமாகப் போடுங்கள். மூடியின் முன் வலது துளையிலும் பின் இடது துளையிலும் ஒவ்வொரு போல்ட்டைப் பாதி திருகி, கம்பியின் இரு முனையையும் அவற்றில் முறுக்கி இறுக்குங்கள். ஷாஃப்ட் இனி நகராது. பிறகு இணைப்புப் போல்ட்டுகளைக் கழற்றி, மெயின் ஷாஃப்ட் முனையில் மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் கேஸ் பிரிந்து வரும்.

7. கியர் பாக்ஸைப் பிரிப்பது

ஏற்கெனவே கழற்றிய மேல் மூடியை நிமிர்த்தியே வையுங்கள். ஷிஃப்ட் கம்பிகளைப் பிறகு உருவும்போது மேலே துணி போட்டு உருவுங்கள். பாப்பெட் குண்டுகள் ஸ்பிரிங் வேகத்தில் பறக்கும். இரண்டு கம்பிக்கும் நடுவே ஒரு சிறு துண்டு இருக்கும், இன்டர்லாக். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் தடுப்பது அதுதான். உடனே ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கேஸின் பின்முகத்தில் ஒரு தட்டையான பூட்டுத் தகடு, கிளஸ்டர் ஷாஃப்ட்டையும் ரிவர்ஸ் ஐட்லர் (ரிவர்ஸில் சுற்றைத் திருப்பும் இடைக் கியர்) ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுங்கள். இப்போது போலி ஷாஃப்ட்டை முன்பக்கமிருந்து வைத்துப் பித்தளைத் தடியால் தட்டி, அசல் ஷாஃப்ட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளுங்கள். இரண்டு ஷாஃப்ட்டின் முனைகளும் தொட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டாலும் ரோலர்கள் அதில் விழும்.

கிளஸ்டர் இப்போது கேஸின் அடியில் உட்கார்ந்துவிடும். அது கீழே இறங்கினால்தான் மற்றவை வெளியே வர வழி கிடைக்கும். முன் பேரிங் மூடியைக் கழற்றி இன்புட் ஷாஃப்ட்டை முன்பக்கமாக எடுங்கள். அதன் குழியிலும் ரோலர்கள் உண்டு, கையை அடியில் ஏந்துங்கள். கம்பியை அவிழ்த்து மெயின் ஷாஃப்ட்டை மேல்வழியாகத் தூக்குங்கள். பிறகு கிளஸ்டர், கடைசியில் ரிவர்ஸ் ஐட்லர்.

ரோலர்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஒருமுறை எங்கள் பட்டறையில் பாக்ஸைப் பூட்டி ஓரமாக வைத்த பிறகு, தரையைப் பெருக்கிய தம்பி தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு ரோலரை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "அண்ணே, இது எதுல உள்ளது?" என்றான். எண்ணிக்கை எழுதி வைக்கவில்லை. பழையதில் மிஞ்சியதா, புதியதில் விட்டுப்போனதா என்று சொல்ல முடியவில்லை. மொத்தப் பாக்ஸையும் மறுபடி பிரித்தோம். பழையதுதான். ஆனால் பிரிக்காமல் அதை நிச்சயமாகச் சொல்ல எங்களுக்கு வழியே இருக்கவில்லை. அன்று முதல் பழைய ரோலர்களைக் கழற்றியதும் எண்ணி, கட்டிப் பெயர் எழுதி வைக்கிறோம்.

8. கழுவுவது, பார்ப்பது, அளப்பது

டீசலில் ஊறவைத்துக் கழுவி, மண்ணெண்ணெயில் அலசி, உடனே மெல்லிய எண்ணெய் தடவுங்கள். பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றாதீர்கள். விர்ரென்று சுற்றுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எண்ணெய் இல்லாத குண்டுகள் அதில் கீறிப்போகும், குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடும் தெறிக்கலாம்.

பேரிங்கைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். மணல் நெருடுவது போல் ஒரு சின்ன உணர்வு வந்தாலும் மாற்றுங்கள். ஷாஃப்ட்டில் ஊசி ரோலர் ஓடும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்த ஷாஃப்ட் ஆகாது. தேய்ந்த ஷாஃப்ட்டில் புது ரோலர் போடுவது அதிகம் பேர் செய்கிற சிக்கனம், சில மாதத்தில் அதே சத்தம் திரும்பி வரும்.

சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்தித் திருகுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கினால் உள்வரிகள் மழுங்கிவிட்டன. புது ரிங்கை வைத்து ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, பழைய ரிங்கையும் அதேபோல அளந்து ஒப்பிடுங்கள். பழையது கியரைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தால் குப்பைதான்.

இரண்டாம் கியரின் நாய்ப்பற்களை, அதாவது சிங்க்ரோ ஸ்லீவ் வந்து பூட்டிக்கொள்ளும் சிறு பற்களை, பாருங்கள். முனை கூர்மையாக, பக்கம் நேராக இருக்க வேண்டும். பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால் பாரம் ஏறும்போது ஸ்லீவ் தானே வழுகி வெளியே வரும். கியர் விடுவதன் காரணம் அதுவாக இருந்தால் கியரும் ஸ்லீவும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் அளவு. கிளஸ்டரின் முன்பின் ஆட்டம். கேஸில் கிளஸ்டரை மட்டும் அசல் ஷாஃப்ட்டிலும் புது வாஷர்களோடும் பொருத்தி, ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். இந்தப் பாக்ஸில் 12 முதல் 18 தவ் வரை இருக்க வேண்டும், அதாவது சுமார் 0.30 முதல் 0.45 மில்லிமீட்டர். கூடுதலாக இருந்தால் பின்பக்க எஃகு வாஷரைத் தடிமனானதாக மாற்றுங்கள். கிளஸ்டர் நகர்ந்தால் அதோடு கடித்து நிற்கும் கியர்களும் சரியாக நிற்காது, கியர் விடும். விலையுயர்ந்த கியர்களை மாற்றிவிட்டு இந்த வாஷரைப் பழையதாகவே விட்ட வண்டிகள், அதே குறையோடு திரும்பி வந்திருக்கின்றன. மெயின் ஷாஃப்ட்டை ஏற்றிய பிறகு இதை அளப்பது கடினம், அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன்.

9. பாகம் வாங்குவது

பேரிங்கை அதன் வளையத்தில் பொறித்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள், "ஜீப் பேரிங்" என்று கேட்காதீர்கள். வெளிவளையத்தில் சர்க்லிப் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் ஒத்திருந்தும் பள்ளம் இல்லாத பேரிங் வாங்கி வந்து திரும்ப நாகர்கோவிலுக்கு பஸ் ஏறியவர்கள் உண்டு. பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு போய் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணி வாங்குவதே நல்லது. ஆயில் சீல், கேஸ்கட், பைலட் புஷ், ரிலீஸ் பேரிங் இவற்றை நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இவற்றுக்காக மறுபடி பாக்ஸை இறக்குவது வீண்.

10. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் பார்க்க வேண்டியது

இங்கே அதிகம் தேய்வது இடைக் கியரும் அதன் ஷாஃப்ட்டும். எல்லாச் சக்தியும் அதன் வழியாகத்தான் போகிறது. பின்புறப் பூட்டுத் தகட்டை எடுத்து ஷாஃப்ட்டை முன்னிருந்து பின்னாகத் தட்டி எடுங்கள், இதற்கும் ஒரு போலி ஷாஃப்ட் வைத்துக்கொள்வது நல்லது. ஷாஃப்ட், ஊசி பேரிங், இருபுறப் பித்தளை வாஷர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

அவுட்புட் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் 4 முதல் 8 தவ். பின் மூடிக்கு அடியிலுள்ள ஷிம்களால் (மெல்லிய தகடுகளால்) அதை அமைக்க வேண்டும். இரண்டு ஷிஃப்ட் கம்பிக்கும் நடுவே மாத்திரை போன்ற ஒரு துண்டு உண்டு. முன் சக்கரத்தை இணைக்காமல் லோ கியர் விழாதபடி தடுப்பது அது. லோ கியர் முறுக்கு விசையை 2.46 மடங்கு பெருக்குகிறது. அத்தனை விசையும் பின் ஆக்ஸில் ஒன்றின் மேல் மட்டும் விழாமலிருக்கத்தான் அந்தத் துண்டு. தொலைத்துவிட்டு அப்படியே பூட்டாதீர்கள்.

11. கோர்ப்பது

முதலில் ரிவர்ஸ் ஐட்லர். அடுத்து போலி ஷாஃப்ட்டோடு கிளஸ்டர். ரோலர்களைக் கொஞ்சம் கிரீஸ் வைத்து வரிசையாக ஒட்டி, எண்ணிக்கையைச் சரிபார்த்துப் போலி ஷாஃப்ட்டை நுழையுங்கள். கிரீஸை அப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் அளவு போதும். கிளஸ்டருக்கு அடியில் இரண்டு நைலான் கயிறை வளையமாகப் போட்டு முனைகளை வெளியே விட்டு, கேஸின் அடியில் இறக்குங்கள்.

மெயின் ஷாஃப்ட்டில் சிங்க்ரோவைப் பூட்டும்போது இருபுறமும் உள்ள வளைய ஸ்பிரிங்குகளின் வளைந்த முனைகள் ஒரே கீயில் விழக் கூடாது. ஒரு பக்க இழுவை மறுபக்கத்துக்குச் சமமாக வேண்டும், இல்லாவிட்டால் கீ சாய்ந்து கியர் கடினமாக விழும். ரிங்கின் பள்ளங்களில் கீகள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள்.

மெயின் ஷாஃப்ட்டை மேலிருந்து இறக்குங்கள். இன்புட் ஷாஃப்ட்டின் குழியில் கிரீஸ் தடவி ரோலர்களை நட்டு, முன்பக்கமிருந்து நுழையுங்கள். பேரிங்கை அடிக்கும்போது எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அதன் மேல் மட்டும் குழாயை வைத்து அடியுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்திலும், கேஸில் இறக்கும்போது வெளிவளையத்திலும். மாற்றி அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் விழுத்தும், புது பேரிங்கே சத்தம் போடும்.

முன் மூடியைப் பூட்டும் முன் அதில் ஆயில் திரும்பும் துளை எங்கே என்று பாருங்கள். மூடி, கேஸ்கட், கேஸ் மூன்றின் துளையும் ஒரே நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஆயில் தேங்கிக் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். அனபாண்ட் போன்ற ஒட்டுப் பசையை மெல்லிய கோடாக மட்டும் பூசுங்கள். பிதுங்கி உள்ளே போன பசை பிறகு உதிர்ந்து துளைகளை அடைக்கும்.

இப்போது கயிற்றை மெல்லத் தூக்கி கிளஸ்டரை மேலே ஏற்றுங்கள். அசல் ஷாஃப்ட்டைப் பின்பக்கமிருந்து தள்ளினால் போலி ஷாஃப்ட் முன்பக்கமாக வெளியேறும். வாஷர்கள் நழுவியிருக்கும், அவசரப்படாமல் டார்ச் அடித்துப் பார்த்துத் துளைகளை நேராக்குங்கள். தட்டியும் போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், ஏதோ ஒரு வாஷர் குறுக்கே நிற்கிறது. ஷாஃப்ட் முனைகளின் பள்ளத்தில் பூட்டுத் தகடு சரியாக அமரும்படி திருப்பிவிட்டுத் தகட்டைப் போடுங்கள். கயிறுகளை வெட்டி உருவுங்கள்.

மெயின் ஷாஃப்ட்டை மறுபடியும் கம்பியால் கட்டிவிட்டு ட்ரான்ஸ்ஃபர் கேஸைச் சேருங்கள். முனைக் கியர், நட், புதுப் பின். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது வேண்டாம். கம்பியை எடுக்க மறக்காதீர்கள், அதன் பிறகு மேல் மூடி.

12. மேசையிலேயே சோதியுங்கள்

வண்டியில் ஏற்றும் முன் இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போடுங்கள். முதல் கியரில் இன்புட் சுமார் 2.8 சுற்று சுற்றினால் மெயின் ஷாஃப்ட் ஒரு சுற்று, இரண்டில் 1.55, மூன்றில் ஒன்றுக்கு ஒன்று. ட்ரான்ஸ்ஃபர் கேஸை ஹை நிலையில் வைத்தால் அதன் அவுட்புட்டைப் பார்த்தே எண்ணலாம். சாக்பீஸால் குறி போட்டு எண்ணுங்கள். எங்காவது பூட்டிக்கொண்டால் இன்டர்லாக் விட்டுப்போயிருக்கிறது அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. மேசையில் இதைச் சரிசெய்ய அரைமணி நேரம், வண்டியில் ஏற்றிய பிறகு ஒரு நாள்.

ஏற்றும்போது கியரில் போட்டு, பின் இணைப்பைக் கையால் திருப்பிக்கொண்டே தள்ளினால் இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டில் தாமாகப் பொருந்தும். பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கி இடைவெளியை இழுத்து மூட முயலாதீர்கள். கேஸின் காது உடையும். கையால் தள்ளி முகம் முகத்தோடு சேர்ந்த பிறகே போல்ட்.

13. ஆயிலும் முதல் ஓட்டமும்

எஸ்.ஏ.இ. 90 தடிமனில் ஜி.எல்.4 தர கியர் ஆயில் போடுங்கள். ஆக்ஸிலுக்கான ஜி.எல்.5 ஆயிலில் கந்தகச் சேர்மானம் அதிகம், அது பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். மேலும் ரிங்குக்குத் தேவையான உராய்வையும் குறைக்கும். விலை உயர்ந்தது என்பதற்காக அதை ஊற்றாதீர்கள். இரண்டு கேஸுக்கும் நடுவே ஆயில் போய்வரும் வழி உண்டு, எனவே இரண்டிலும் ஒரே ஆயில். இரண்டையும் தனித்தனியாக, நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி மறுபடி அளவு பாருங்கள், இறங்கியிருக்கும்.

முதல் நாள் பாரம் ஏற்றாதீர்கள். சமவெளியில் குலசேகரம் வரை போய்வந்து, கை வைத்துக் கேஸின் சூட்டைப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு ஒரே இடத்தில் இருந்தால் அங்குள்ள பேரிங் இறுக்கமாக அமர்ந்திருக்கிறது. இரண்டாம் கியரில் ஓர் இறக்கத்தில் இறங்கி, லீவரிலிருந்து கையை எடுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். நிற்க வேண்டும்.

500 கிலோமீட்டரில் இந்த ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். முதல் உரசலில் வரும் துகள் எல்லாம் அதில் இருக்கும், வெள்ளை டப்பில் ஊற்றி மறுபடி பாருங்கள்.

நான்கு சக்கர லீவரைத் தார் ரோட்டில் போடாதீர்கள். இந்த வண்டிகளில் முன் பின் ஆக்ஸிலுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும், காய்ந்த ரோட்டில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ள முடியாமல் முறுக்கம் கியர்களில் ஏறும். லீவர் திரும்ப வராமல் இறுகி நிற்பது அதனால்தான். அப்படி நின்றால் லீவரை உதைக்க வேண்டாம், கொஞ்சம் ரிவர்ஸில் வந்து முறுக்கத்தை விடுவித்தால் லீவர் தானாக வரும்.